ஏபிரகாம் கஹான்

ஏபிரகாம் கஹான் (ஜூலை 7, 1860 – ஆகஸ்ட் 31, 1951) அமெரிக்க யூத இதழாசிரியரும் புதின எழுத்தாளரும் சோசலிச இயக்கத்தவரும் ஆவார். ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த லித்துவேனியாவில் பிறந்த இவர், 1882ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நியூயார்க் நகரில் இட்டிஷ் மொழியில் வெளிவந்த ஃபோர்வெர்ட்ஸ் என்னும் நாளிதழை 1903 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். உலகில் மிகுதியாக விற்பனையான இட்டிஷ் நாளிதழாக அது வளர்ந்ததற்கு இவரே முதன்மைக் காரணம் எனலாம். வாசகர்களின் கடிதங்களுக்கு விடை கூறும் பின்டல் பிரீஃப் என்னும் பகுதியை 1906ல் தொடங்கியவரும் இவரே. புதிய நாட்டில் மொழியும் வழக்கமும் அறியாது தவித்த எளிய மக்கள் தயக்கமின்றி நுழைந்து பேசக்கூடிய இடமாக ஒரு செய்தித்தாளை மாற்றியது இவரது தனிச் சிறப்பாகும். அதே இதழில் மாற்றுக் கருத்துடைய எழுத்தாளர்கள் சிலருக்கு இடமளிக்க இவர் மறுத்ததும் இவரது வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

பிறப்பும் இளமையும்

கஹான் வில்னா நகருக்கு அருகில் உள்ள பாபெர்ஜே என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ரபி எனப்படும் யூத சமயகுருவாக விளங்கினார். தந்தை சிறுவர்களுக்கு எபிரேயமும் சமய நூல்களும் கற்பிக்கும் ஆசிரியர். கஹானுக்கு ஏறத்தாழ ஆறு வயதானபோது குடும்பம் வில்னாவுக்குக் குடியேறியது. அக்காலத்தில் வில்னா யூதக் கல்விக்கும் அச்சுத் தொழிலுக்கும் புகழ்பெற்ற நகராக இருந்தது.

மகனும் பாட்டனாரைப் போல ரபி ஆக வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். கஹானின் நாட்டமோ உலகியல் கல்வியின்மீது சென்றது. வில்னா பொது நூலகத்தில் அமர்ந்து ரஷ்ய மொழியைத் தாமே பயின்றார். பின்னர் யூத ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காக அரசு நடத்திய வில்னா ஆசிரியர் கல்விக்கழகத்தில் சேர்ந்து, 1881ல் படிப்பை முடித்தார். மாணவராக இருந்தபோதே சார் மன்னரின் ஆட்சியை எதிர்த்த இரகசியக் குழுக்களுடன் தொடர்பு கொண்டு சோசலிசக் கருத்துகளை ஏற்றுக்கொண்டார்.

1881 மார்ச்சில் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் புரட்சியாளர்களால் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து பேரரசின் தென்பகுதிகளில் யூதர்களுக்கு எதிராகக் கலவரங்கள் மூண்டன. அப்போது வேலிஜ் என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக் கொண்டிருந்த கஹானின் இருப்பிடத்தையும் காவல்துறையினர் சோதனையிட்டனர். கைதாவதற்கு முன் நாட்டைவிட்டு வெளியேறத் துணிந்த அவர், அமெரிக்காவில் கூட்டுப் பண்ணைகள் அமைக்கும் கனவுடன் புறப்பட்ட யூத இளைஞர் குழு ஒன்றுடன் சேர்ந்துகொண்டார்.

அமெரிக்கா வருகை

1882 ஜூன் 6 அன்று கஹான் பிலடெல்பியா துறைமுகத்தில் இறங்கி, உடனே நியூயார்க் சென்றார். கூட்டுப் பண்ணைக் கனவை விரைவில் கைவிட்டு, மன்ஹாட்டன் தீவின் கீழைக் கிழக்குப் பகுதியில் தங்கினார். 1881 முதல் 1924 வரையிலான காலத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 இலட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் மிகப் பெரும் பகுதியினர் முதலில் வந்து தங்கிய இடம் இதுவே. காற்றும் வெளிச்சமும் குறைந்த அடுக்குக் குடியிருப்புகளில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஆண்களும் பெண்களும் சிறு தையற்கூடங்களில் நாள் முழுதும் உழைத்தனர்.

கஹானும் தொடக்கத்தில் சுருட்டுத் தொழிற்சாலை முதலிய இடங்களில் கூலிவேலை செய்தார். ஆங்கிலம் கற்பதற்காகத் தம்மைவிடப் பல ஆண்டுகள் இளையவர்களான சிறுவர்களுடன் பள்ளி வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டார். அவ்வாறு கற்ற ஆங்கிலத்தை மாலைப்பள்ளிகளில் பிற குடியேறிகளுக்குக் கற்பித்துப் பொருளீட்டினார். 1885ல் கீவ் நகரிலிருந்து வந்த அன்னா பிரான்ஸ்டைன் என்னும் பெண்ணை மணந்தார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இட்டிஷ் மொழியில் முதல் சொற்பொழிவு

இட்டிஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழியாகும். ஜெர்மானிய மொழியை அடிப்படையாகக் கொண்ட இது, எபிரேயச் சொற்களும் சிலாவியச் சொற்களும் கலந்தது. எபிரேய எழுத்துகளில் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. கற்றறிந்த யூதர்கள் பலர் இதனைக் கொச்சை மொழியாகவே கருதினர். சமய அறிஞர்கள் எபிரேயத்திலும், புதிய கல்வி பெற்றோர் ரஷ்ய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் எழுதுவதையே பெருமையாக எண்ணினர்.

1882ல் நியூயார்க்கில் யூதத் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட சோசலிசக் கூட்டங்களிலும் சொற்பொழிவுகள் ரஷ்ய மொழியிலும் ஜெர்மன் மொழியிலுமே நிகழ்ந்தன. கேட்க வந்தவர்களுள் பெரும்பாலோருக்கு அவை முழுமையாக விளங்கவில்லை. தொழிலாளர்களுக்காக நடக்கும் கூட்டம் அவர்களுடைய மொழியிலேயே நடைபெற வேண்டும் என்று கஹான் கூறியபோது தோழர்கள் முதலில் நகைத்தனர். ஆயினும் அவ்வாண்டு கோடையில் அவர் இட்டிஷ் மொழியில் சொற்பொழிவாற்றினார். கூட்டம் பெருமளவில் திரண்டது. அமெரிக்காவில் இட்டிஷ் மொழியில் நிகழ்த்தப்பட்ட முதல் சோசலிசச் சொற்பொழிவாக இது கருதப்படுகிறது.

ஒரு சமூகத்துக்குள் மக்களை வரவேற்க விரும்புவோர் முதலில் அவர்கள் பேசும் மொழிக்குச் செல்ல வேண்டும் என்பதை கஹான் இந்நிகழ்விலிருந்தே கற்றுக்கொண்டார். இவருடைய பிற்கால இதழியல் முழுவதற்கும் இதுவே அடித்தளம்.

தொழிலாளர் இதழ்கள்

1890ல் அர்பெட்டர் சைட்டுங் (தொழிலாளர் இதழ்) என்னும் இட்டிஷ் கிழமை இதழ் தொடங்கப்பட்டது. கஹான் அதில் எழுதி, பின்னர் அதன் ஆசிரியராகவும் பொறுப்பேற்றார். யூதத் தொழுகைக் கூடங்களில் வாரந்தோறும் தோராவின் ஒரு பகுதியை வாசித்து விளக்குவது மரபு. அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டு, பாட்டாளிகளின் சமயச் சொற்பொழிவாளர் என்ற பொருள்படும் புனைபெயரில் கஹான் ஒரு தொடர் எழுதினார். பழக்கமான சமயக் கதையில் தொடங்கி, வேலை நேரம், கூலி, வேலைநிறுத்தம் ஆகியவற்றில் முடிவது அதன் போக்கு. சோசலிசம் என்ற சொல்லையே கேட்டிராதவர்களும் அதனைப் படித்தனர்.

1891ல் பிரசல்ஸ் நகரில் நடைபெற்ற பன்னாட்டு சோசலிச மாநாட்டில் யூதத் தொழிலாளர்களின் சார்பாளராக கஹான் கலந்துகொண்டார். யூத வெறுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை மாநாடு நிறைவேற்ற வேண்டும் என்று அவர் கோரினார். யூத வெறுப்பையும் யூத ஆதரவுக் கிளர்ச்சியையும் ஒரே தட்டில் வைத்துக் கண்டிக்கும் தீர்மானமே நிறைவேறியது. இது அவருக்கு ஏமாற்றம் அளித்தது.

ஆங்கில இதழியல்

1897 ஏப்ரல் 22 அன்று ஃபோர்வெர்ட்ஸ் நாளிதழின் முதல் இதழ் வெளிவந்தது. முன்னேறுக என்ற பொருள் தரும் இப்பெயர், ஜெர்மன் சமூக சனநாயகக் கட்சியின் இதழைப் பின்பற்றி வைக்கப்பட்டது. கஹான் இதன் முதல் ஆசிரியர் ஆனார். இதழ் கட்சித் தகராறுகளில் மூழ்குவதை அவர் விரும்பவில்லை. உடன் பணியாற்றியோருடன் கருத்து வேறுபாடு முற்றவே, சில மாதங்களில் விலகினார்.

அடுத்த நான்காண்டுகள் (1897–1901) கமர்ஷியல் அட்வர்டைசர் என்னும் ஆங்கில நாளிதழில் செய்தியாளராகப் பணியாற்றினார். அங்கு நகரச் செய்திப் பிரிவின் ஆசிரியராக இருந்தவர், பின்னர் ஊழல்களை வெளிக்கொணர்ந்து புகழ்பெற்ற லிங்கன் ஸ்டெஃபென்ஸ் ஆவார். காவல் நிலையங்கள், நீதிமன்றங்கள், குடியேறிகள் வந்திறங்கும் துறைகள் ஆகிய இடங்களுக்குச் சென்று கஹான் செய்தி திரட்டினார். ஒரு கொலை வழக்கானாலும் அதில் சிக்கியவர்களின் வாழ்க்கையை விளங்கிக்கொண்டு எழுத வேண்டும் என்ற பயிற்சியை இங்கு பெற்றார். உடன் பணியாற்றிய ஹட்சின்ஸ் ஹாப்குட்டை அவர் கீழைக் கிழக்குப் பகுதியின் தேநீர் விடுதிகளுக்கும் இட்டிஷ் நாடக அரங்குகளுக்கும் அழைத்துச் சென்றார். அதன் பயனாக, அப்பகுதியின் பண்பாட்டைப் பரிவுடன் விவரிக்கும் நூலொன்றை ஹாப்குட் 1902ல் வெளியிட்டார்.

ஃபோர்வெர்ட்ஸ் நாளிதழ்

1902ல் கஹான் ஃபோர்வெர்ட்ஸ் இதழுக்குத் திரும்பினார். இடையில் மீண்டும் விலகினாலும், 1903ல் முழு ஆசிரியர் அதிகாரம் பெற்று நிலையாகப் பொறுப்பேற்றார். அப்போது சில ஆயிரம் படிகளே விற்பனையாகிக் கொண்டிருந்த இதழ், 1920களில் தன் உச்சத்தில் நாளொன்றுக்கு 2,50,000 படிகளுக்கும் மேல் விற்றது. நியூயார்க்குக்கு வெளியே பல நகரங்களுக்கெனத் தனிப் பதிப்புகளும் வெளிவந்தன. 1912ல் ஈஸ்ட் பிராட்வே வீதியில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றை இதழ் கட்டிக்கொண்டது. அதன் முகப்பில் கார்ல் மார்க்ஸ், பிரெடெரிக் எங்கெல்ஸ் ஆகியோரின் உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டன.

மொழிநடை

வாசகர் பேசுவது போலவே எழுத வேண்டும் என்பது கஹானின் முதல் விதி. ஜெர்மன் சொற்களைப் புகுத்தி இட்டிஷ் மொழியை உயர்த்திக் காட்டும் நடை அப்போது இதழ்களில் வழக்கில் இருந்தது. கஹான் அதனை நீக்கினார். தொழிற்கூடத்திலும் தெருவிலும் வழங்கிய ஆங்கிலச் சொற்களை அப்படியே கையாள அனுமதித்தார். நீண்ட கோட்பாட்டுக் கட்டுரைகளுக்கு மாற்றாகச் சிறு செய்திகள், சிறுகதைகள், நாடகத் திறனாய்வுகள், அமெரிக்க வரலாறு, உடல்நலக் குறிப்புகள் ஆகியன இடம்பெற்றன. பிள்ளைகளுக்குக் கைக்குட்டை கொடுத்தனுப்புமாறு தாய்மாருக்கு அறிவுரை கூறும் கட்டுரையும் வெளிவந்தது. சோசலிச இதழ் கைக்குட்டையைப் பற்றி எழுதலாமா என்று தோழர்கள் சிலர் கேலி பேசினர். மக்களின் அன்றாடத் தேவைக்கு உதவாத இதழ் அவர்களின் விடுதலைக்கும் உதவாது என்பது கஹானின் நிலைப்பாடு.

இந்நடையைத் தூய இட்டிஷ் ஆர்வலர்கள் கடுமையாகச் சாடினர். மொழியைக் கஹான் மலிவாக்கிவிட்டார் என்றும், ஆங்கிலக் கலப்பினால் அதன் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டார் என்றும் அவர்கள் கருதினர். இவ்விவாதம் அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

சமயம் பற்றிய நிலைப்பாடு

கஹான் கடவுள் நம்பிக்கை அற்றவர். அக்காலத்து யூத அராசகவாதிகள் சிலர் யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாளில் விருந்தும் நடனமும் நடத்திச் சமயப் பற்றாளர்களைச் சீண்டினர். கஹான் இதனை ஏற்கவில்லை. 1902ல் இதழுக்குத் திரும்பியதும், பகுத்தறிவாளர்கள் சமய நம்பிக்கை உடையோரிடம் சகிப்புத்தன்மை காட்ட வேண்டும் என வலியுறுத்தி எழுதினார். நம்பிக்கை உடைய ஒரு தையற்காரரை இகழ்ந்து விரட்டிவிட்டால், அவருடன் பேசும் வாய்ப்பே அற்றுப்போகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அதே ஆண்டு மே மாதம், யூத உணவு விதிப்படி அறுக்கப்பட்ட கோஷர் மாட்டிறைச்சியின் விலை இராத்தலுக்கு 12 சென்ட்டிலிருந்து 18 சென்ட்டாக உயர்ந்தது. கீழைக் கிழக்குப் பகுதியின் குடும்பப் பெண்கள் இறைச்சிக் கடைகளைப் புறக்கணித்துப் போராடினர். அவர்களுள் பெரும்பாலோர் சமயப் பற்றுடையவர்கள். ஃபோர்வெர்ட்ஸ் அவர்களை மனமாரப் பாராட்டி ஆதரித்தது.

பின்டல் பிரீஃப்

1906 ஜனவரி 20 அன்று ஃபோர்வெர்ட்ஸ் இதழில் பின்டல் பிரீஃப் பகுதி தொடங்கியது. இப்பெயருக்குக் கடிதக் கட்டு என்பது பொருள். இதழின் எந்தப் பகுதியிலும் பொருந்தாத கடிதங்கள் சில வந்திருப்பதாக உதவியாளர் கூறியபோது, அவற்றைப் படித்துப் பார்த்த கஹான் அவற்றுக்கெனத் தனியிடம் ஒதுக்கினார்.

தொடக்கத்தில் வெளிவந்த கடிதங்களுள் ஒன்று ஓர் ஏழைத் தாயினுடையது. அவருடைய வீட்டிலிருந்த கடிகாரம் காணாமற் போயிற்று. வறுமையினால் அண்டை வீட்டுப் பெண்ணே அதனை எடுத்து அடகு வைத்திருக்கக்கூடும் என அவர் ஐயுற்றார். அவர் காவலரை அழைக்கவில்லை. அடகுச் சீட்டை மட்டும் அஞ்சலில் அனுப்பிவிட்டால் போதும், முன்போலவே அண்டை வீட்டாராகவும் தோழியராகவும் இருக்கலாம் என்று இதழின் வழியாக அப்பெண்ணைக் கேட்டுக்கொண்டார். ஒருவரை அவமதிக்காமல் ஒரு தவறைச் சரிசெய்ய இதழ் உதவ முடியும் என்பதை இக்கடிதம் காட்டியது.

இதனைத் தொடர்ந்து கடிதங்கள் குவிந்தன. எழுதத் தெரியாதவர்கள் பிறரைக்கொண்டு எழுதுவித்தனர். நேரில் அலுவலகத்துக்கு வந்து சொல்லி எழுதுவித்தவர்களும் உண்டு. கடிதங்களின் பிழைகளைத் திருத்தி, சுருக்கி, எழுதியவரின் பெயரை மறைத்து வெளியிடுவது வழக்கமாயிற்று. தொடக்க ஆண்டுகளில் விடைகள் பலவற்றைக் கஹானே எழுதினார். பின்னர் இப்பணி ஆசிரியர் குழுவினரிடம் சென்றது. கடிதங்கள் உண்மையானவையா என்று ஐயுற்றவர்களும் இருந்தனர்.

கடிதங்களில் பெரும்பாலும் பின்வரும் சிக்கல்கள் இடம்பெற்றன:

* கணவன் அமெரிக்காவில் மறைந்துபோக, பிள்ளைகளுடன் தனித்து விடப்பட்ட மனைவியரின் துயரம்
* சமய நம்பிக்கை அற்ற மகன், நம்பிக்கையுடைய பெற்றோருக்காகத் தொழுகைக் கூடம் செல்லலாமா என்பது போன்ற ஐயங்கள்
* யூதர் அல்லாதவரை மணப்பது பற்றிய கேள்விகள்
* தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளரால் பெண்களுக்கு நேர்ந்த தொல்லைகள்
* வேலைநிறுத்தக் காலத்தில் பசியினால் வேலைக்குச் சென்றவரின் குற்ற உணர்வு
* கிழக்கு ஐரோப்பாவில் விட்டுவந்த குடும்பத்தைப் பற்றிய கவலை

விடைகள் சுருக்கமாகவும் நடைமுறைக்கு ஏற்றனவாகவும் இருந்தன. கடிதம் எழுதியவரை எள்ளி நகையாடும் வழக்கம் இல்லை. தாம் தனியாகத் துன்புறுவதாக எண்ணியிருந்த ஒருவர், மறுநாள் அதே துன்பத்தைப் பிறர் கடிதத்தில் படித்தபோது பெற்ற ஆறுதல், விடை தந்த ஆறுதலுக்குக் குறைந்ததன்று. குடும்பத்தைக் கைவிட்டு ஓடிய கணவர்களின் நிழற்படங்களை வெளியிடும் பகுதியும் ஃபோர்வெர்ட்ஸ் இதழில் இடம்பெற்றது. 1911ல் யூதத் தொண்டு நிறுவனங்கள் அமைத்த தேசியக் கைவிடப்பட்டோர் பணியகத்துடன் இணைந்து இப்பணி நடைபெற்றது.

பின்டல் பிரீஃப் தொடங்குவதற்கு முன்பே, 1903ல், பேஸ்பால் ஆட்டத்தை அறிவற்ற விளையாட்டு எனக் கருதிய தந்தை ஒருவர் தம் மகனை விளையாட விடலாமா என்று இதழுக்கு எழுதிக் கேட்டிருந்தார். விளையாட விடுமாறு கஹான் விடையளித்தார். படிப்புக்கு இடையூறு இல்லாதவரை விளையாட்டு உடலுக்கு நல்லது என்றும், பிள்ளைகள் பிறந்த நாட்டிலேயே அந்நியராக வளரக்கூடாது என்றும் காரணம் கூறினார். இவ்விடையில் அவருடைய இதழின் நோக்கம் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

தொழிலாளர் போராட்டங்களும் அரசியலும்

ஃபோர்வெர்ட்ஸ் இதழை நடத்திய சங்கம் இலாப நோக்கற்றது. கிடைத்த வருவாயின் ஒரு பகுதி தொழிற்சங்கங்களுக்கும் வேலைநிறுத்த நிதிகளுக்கும் சென்றது. 1909 நவம்பரில் பெண்கள் மேற்சட்டை தைக்கும் தொழிலாளர்கள் ஏறத்தாழ 20,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது இதழ் அவர்களுக்குத் துணைநின்றது. அவர்களுள் பெரும்பாலோர் இளம் யூதப் பெண்கள். 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் தையற்சாலையில் ஏற்பட்ட தீயில் 146 பேர் மாண்டனர். இறந்தவர்கள் பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகளான பெண்கள். அந்நாட்களில் அப்பகுதி மக்கள் செய்திக்கும் ஆறுதலுக்கும் நாடிய இதழ் ஃபோர்வெர்ட்ஸ் ஆகும். 1914ல் சோசலிசக் கட்சியின் மேயர் லண்டன் அப்பகுதியிலிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதிலும் இதழின் பங்கு பெரிது.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில், சார் ஆட்சியின் மீதிருந்த வெறுப்பினால் கஹான் ஜெர்மனிக்குச் சார்பாக எழுதினார். 1917ல் அமெரிக்கா போரில் இறங்கிய பின், இதழின் அஞ்சல் சலுகை பறிக்கப்படும் நிலை ஏற்பட்டது. இதழ் தன் குரலைத் தணித்துக்கொண்டது. ரஷ்யப் புரட்சியைத் தொடக்கத்தில் வரவேற்ற கஹான், 1920களில் சோவியத் ஆட்சியின் அடக்குமுறையைக் கண்டு அதன் கடும் எதிர்ப்பாளர் ஆனார். 1927ல் சோவியத் ஒன்றியத்துக்கு நேரில் சென்று வந்த பின் இந்நிலை மேலும் உறுதிப்பட்டது. சியோனிசத்தை ஏற்காதிருந்த அவர், 1925ல் பாலத்தீனம் சென்று கூட்டுப் பண்ணைத் தொழிலாளர்களைக் கண்டபின் அவர்களிடம் பரிவு காட்டினார்.

ஆங்கிலப் புதினங்கள்

கஹானின் முதல் ஆங்கிலப் புதினமான யெக்ல் 1896ல் வெளிவந்தது. அமெரிக்க வாழ்க்கையில் மயங்கிய ஒரு தையல் தொழிலாளி, ஊரிலிருந்து வந்து சேரும் தன் மனைவியின் பழைய கோலத்தைக் கண்டு வெட்கப்படுவது இதன் கதை. அக்காலத்தின் முன்னணி அமெரிக்க எழுத்தாளரான வில்லியம் டீன் ஹவெல்ஸ் இதனைப் பாராட்டி எழுதினார். ஜோன் மிக்லின் சில்வர் இயக்கிய ஹெஸ்டர் ஸ்ட்ரீட் (1975) என்னும் திரைப்படம் இக்கதையைத் தழுவியது.

1917ல் வெளிவந்த டேவிட் லெவின்ஸ்கியின் எழுச்சி இவருடைய தலைசிறந்த புதினமாகப் போற்றப்படுகிறது. சமயக் கல்வி பயின்ற ஏழை இளைஞன் ஒருவன் அமெரிக்கா வந்து ஆயத்த ஆடைத் தொழிலில் பெருஞ்செல்வன் ஆகிறான். ஆயினும் தாயின் மொழியையும் இளமையின் நம்பிக்கையையும் இழந்த வெறுமை அவனை விட்டு நீங்குவதில்லை. வாசகர்களை அமெரிக்கர்களாக வாழப் பழக்கிய இதழாசிரியரே, அம்மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையையும் இப்புதினத்தில் எழுதிக் காட்டினார் என்பது கருதத்தக்கது. இதன் பின் அவர் புதினம் எழுதவில்லை.

இட்டிஷ் இலக்கியமும் மோதல்களும்

இட்டிஷ் எழுத்தாளர்களுக்கு ஃபோர்வெர்ட்ஸ் வாழ்வளித்தது. ஷோலெம் ஆஷ், ஆப்ரஹாம் ரைசன், இஸ்ரவேல் யோஷுவா சிங்கர் முதலியோரின் படைப்புகள் இதில் வெளிவந்தன. 1935ல் வார்சாவிலிருந்து நியூயார்க் வந்த ஐசக் பாஷெவிஸ் சிங்கர் தம் வாழ்நாளின் பெரும்பகுதி இவ்விதழிலேயே எழுதினார். அவர் 1978ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

வாசகரிடம் பொறுமை காட்டிய கஹான், எழுத்தாளர்களிடம் அதே பொறுமையைக் காட்டவில்லை. இதழின் ஒவ்வொரு பகுதியிலும் தம் தீர்ப்பே இறுதியாக இருக்க வேண்டும் என அவர் விரும்பினார். நாடக ஆசிரியர் ஜேக்கப் கார்டினுடன் ஏற்பட்ட பகையில் அவருடைய நாடகங்களைத் தொடர்ந்து கடுமையாகத் தாக்கி எழுதினார்.

இவற்றுள் மிகுந்த கசப்பை விளைவித்தது ஷோலெம் ஆஷுடன் நேர்ந்த பிரிவாகும். ஆஷ், இயேசுவின் வாழ்க்கையை ஒரு யூதரின் வாழ்க்கையாகச் சித்திரித்து நாசரேத்தார் என்ற புதினத்தை எழுதினார். கஹான் அதனை வெளியிட மறுத்தார். 1939ல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. ஐரோப்பாவில் யூதர்கள் வேட்டையாடப்படும் வேளையில் இத்தகைய நூல் மதமாற்றத்துக்குத் துணைபோகும் எனக் கஹான் அஞ்சினார். யூதருக்கும் கிறித்தவருக்கும் பொதுவான மரபை நினைவூட்டுவதே தம் நோக்கம் என்பது ஆஷின் வாதம். கஹான் இதழில் அவரைத் தொடர்ந்து தாக்கியதுடன், 1941ல் அவருக்கு எதிராக ஒரு நூலும் வெளியிட்டார். பல ஆண்டுகள் ஃபோர்வெர்ட்ஸ் இதழின் விருப்பத்துக்குரிய எழுத்தாளராக இருந்த ஆஷ், இட்டிஷ் வாசகர் உலகின் பெரும்பகுதியிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர் கஹானின் அரசியல் எதிரிகளான பொதுவுடைமையாளர்களின் இதழில் அவர் எழுத நேர்ந்தது.

இறுதிக் காலம்

1924ல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவோரின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்தது. புதிய வாசகர்கள் வருவது நின்றது. முன்பே வந்தவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளில் படித்து ஆங்கில இதழ்களுக்குச் சென்றனர். அதைத்தான் கஹானின் இதழும் பெற்றோர்களுக்கு அறிவுறுத்தி வந்தது. தன் பணியில் வெற்றி பெறப் பெற, தன் வாசகர்களை இழக்கும் நிலையில் ஃபோர்வெர்ட்ஸ் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நாசிகள் நிகழ்த்திய இனப்படுகொலை, வில்னா உள்ளிட்ட இட்டிஷ் பண்பாட்டு மையங்களை அழித்தது.

1946ல் கஹான் பக்கவாதத்தால் தாக்குண்டார். அதன் பின் இதழின் அன்றாடப் பணி பிறர் கைக்குச் சென்றது. 1947ல் மனைவி அன்னா காலமானார். 1951 ஆகஸ்ட் 31 அன்று தமது 91ஆம் வயதில் கஹான் நியூயார்க்கில் இயற்கை எய்தினார்.

மரபு

பின்டல் பிரீஃப் கடிதங்களின் ஆங்கிலத் தொகுப்பை ஐசக் மெட்ஸ்கர் 1971ல் வெளியிட்டார். குடியேறிய எளிய மக்களின் உள்ளத்தை அவர்கள் சொற்களிலேயே அறிய உதவும் ஆவணமாக வரலாற்றாசிரியர்கள் இக்கடிதங்களைப் பயன்படுத்துகின்றனர். ஃபோர்வெர்ட்ஸ் 1983ல் கிழமை இதழாக மாறியது. 1990ல் அதன் ஆங்கிலக் கிழமை இதழ் தொடங்கப்பட்டது. 2019ல் இரு மொழிகளிலும் அச்சுப் பதிப்பு நிறுத்தப்பட்டு, இணையத்தில் மட்டும் வெளிவரலாயிற்று. ஈஸ்ட் பிராட்வே வீதியில் உள்ள பழைய கட்டடம் 1986ல் நியூயார்க் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அது குடியிருப்பாக மாற்றப்பட்டது.

கஹான் பற்றிய மதிப்பீடுகள் இருவகையாக அமைகின்றன. மொழியறியாதோரையும் எழுத்தறியாதோரையும் ஏளனத்துக்கு இடமின்றி வரவேற்று, ஒருவர் துயரை மற்றவர் கேட்குமாறு செய்தவர் எனப் பலர் போற்றுவர். தாம் திறந்துவைத்த அவையில் யார் பேசலாம் என்பதைத் தாமே தீர்மானித்த கண்டிப்பானவர் எனச் சிலர் குறைகூறுவர். இரண்டும் உண்மையே. அடகுச் சீட்டைக் கேட்ட தாய்க்கு இடம் ஒதுக்கிய அதே கையே ஆஷின் நூலைத் திருப்பி அனுப்பியது. வரவேற்கும் பண்பு ஓர் ஆசிரியரின் மனப்போக்கை மட்டுமே நம்பியிருக்கும்போது அது எவ்வளவு தூரம் செல்லும், எங்கு நின்றுவிடும் என்பதை அறிய கஹானின் வாழ்க்கை நல்லதொரு சான்றாகும்.

முதன்மையான படைப்புகள்

* யெக்ல் (புதினம், ஆங்கிலம், 1896)
* இறக்குமதியான மாப்பிள்ளையும் பிற கதைகளும் (சிறுகதைகள், ஆங்கிலம், 1898)
* வெண் பயங்கரமும் சிவப்பும் (புதினம், ஆங்கிலம், 1905)
* டேவிட் லெவின்ஸ்கியின் எழுச்சி (புதினம், ஆங்கிலம், 1917)
* என் வாழ்வின் ஏடுகள் (தன்வரலாறு, இட்டிஷ், 5 தொகுதிகள், 1926–1931)